மேலே மழை, கீழே வெயில்

28 அனுமதிப் பாரங்கள் கொடுத்தோம். 27 கையொப்பத்துடன் திரும்பி வந்தன. மிச்சமிருந்த ஒன்றுக்குப் பதிலாக ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது.

“கோவிச்சுக்காதீங்கம்மா. என் பிள்ளைய ஆத்துக்கு அனுப்ப மாட்டேன்.”

நம் கழகம் காஜாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் சனிக்கிழமைதோறும் நடத்திவரும் இலவச வகுப்பை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள். ஆண்டுக்கு ஒருமுறை அவர்களை எங்காவது வெளியே அழைத்துச் செல்வது வழக்கம். விலங்குத் தோட்டம், அறிவியல் மையம் எல்லாம் ஏற்கெனவே முடிந்துவிட்டன. சென்ற ஆண்டு ஏப்ரலில் உலு லங்காட்டில் உள்ள சுங்கை சொங்காக் பொழுதுபோக்கு வனத்துக்குப் போகலாம் என்று செயலவைக் கூட்டத்தில் முன்மொழிந்தவள் நான்தான். ஆகவே அந்த அழைப்பும் எனக்கே வந்தது.

அந்த அம்மா என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். எத்தனை பிள்ளைகள் போகிறார்கள்? அதில் எத்தனை பேருக்கு நீச்சல் தெரியும்? அழைத்துப் போகும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? முதல் கேள்விக்கு மட்டும்தான் என்னிடம் பதில் இருந்தது. பிறகு விசாரித்துப் பார்த்தேன். செயலவையில் எட்டுப் பேர். நீச்சல் தெரிந்தவர்கள் இருவர். எனக்குத் தெரியாது.

பிறகு, கேட்காமலே ஒன்று சொன்னார். தோட்டத்தில் இருந்த காலத்தில் அவருடைய தம்பி ஆற்றோடு போய்விட்டான். அவனுக்கு அப்போது வயது 11, இவருக்கு 14. தம்பியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இவருடையது. “முழங்கால் தண்ணியிலதாம்மா நின்னுகிட்டு இருந்தான். நல்ல வெயில். வானத்துல ஒரு மேகம்கூட இல்ல. எப்படிப் போனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.”

நான் படிப்பது கட்டடப் பொறியியல். மூன்றாம் ஆண்டில் நீரியல் என்று ஒரு பாடம் உண்டு. மழை எவ்வளவு, ஓடிவரும் நீர் எவ்வளவு, எத்தனை நிமிடத்தில் வரும் என்று பக்கம் பக்கமாகக் கணக்குப் போட்டுத் தேர்வில் நல்ல புள்ளியும் வாங்கியிருக்கிறேன். ஆயினும் அந்த அம்மா சொன்ன ‘எப்படி’ என்ற கேள்விக்கு விடை அந்தப் பாடத்திலேயே இருக்கிறது என்பது எனக்கு உடனே உறைக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. இக்கட்டுரை அதைப் பற்றியதுதான்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இவ்வளவு பயம் இருந்தால் ஆற்றுக்கு ஏன் போகவேண்டும், நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போகலாமே என்று எங்கள் கூட்டத்திலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வளர்கிறவர்கள். அவர்கள் அறிந்த ஆறு காஜாங் நகருக்குள் ஓடும் லங்காட் ஆறு. எப்போது பார்த்தாலும் தே தாரிக் நிறத்தில் இருக்கும். அந்த லங்காட்டில் கலக்கும் ஆறுகளில் ஒன்றுதான் சொங்காக். மலைக்காட்டில் அது ஓடும்போது அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் கோடுகூடத் தெரியும். அங்கே போய் இறங்கியதும் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்ட முதல் கேள்வி: “அக்கா, இந்தத் தண்ணிக்கு ஏன் கலரே இல்ல?” ஆற்று நீருக்கு நிறம் இருப்பதுதான் இயல்பு என்று பத்து வயதுவரை நம்பியிருக்கிறான். எந்த நீர் விளையாட்டுப் பூங்காவும் அந்தக் கேள்வியை அவனிடமிருந்து வரவழைத்திருக்காது. அதனால்தான் ஆறு.

இனி அந்த ‘எப்படி’.

மலாயில் இதற்குக் ‘கெப்பாலா ஆயர்’ என்று பெயர். நீரின் தலை என்று பொருள். தேசிய இடைநிலைப்பள்ளியில் படித்தபோது புவியியல் ஆசிரியர் சொல்லக் கேட்டதுதான் முதல் தடவை. தமிழ்ப்பள்ளியில் இருந்த ஆறு ஆண்டுகளில் இந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. நமக்குக் ‘காட்டாறு’ என்ற அழகான சொல் இருக்கிறது. ஆனால் நாம் அதைக் கட்டுரைப் போட்டியில் உவமைக்குத்தான் பயன்படுத்துகிறோம். ‘காட்டாற்று வெள்ளம்போல் உணர்ச்சி பெருகியது’ என்று எழுதி இரண்டு புள்ளி கூடுதலாக வாங்குவோம். அந்த வெள்ளம் எத்தனை நிமிடத்தில் வரும் என்று எந்த ஆசிரியரும் கேட்டதில்லை.

ஓர் ஆற்றின் குறிப்பிட்ட ஓர் இடத்தில் நீங்கள் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் காலைத் தொட்டு ஓடும் நீர், தலைக்கு நேர்மேலே பெய்த மழை அன்று. மேலே உள்ள மலைச்சரிவுகள், ஓடைகள், சிற்றோடைகள் எல்லாவற்றிலும் விழுந்த மழை ஒன்றுகூடி வருவது அது. அந்தப் பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். புனலை நினைத்துக்கொள்ளுங்கள்: வாய் அகலம், கழுத்து குறுகல். நாம் பாய் விரித்துச் சோறு உண்ணும் இடம் பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. 10 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி. அங்கே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை. நம் நாட்டு இடியுடன் கூடிய மழைக்கு இது அதிசயமான அளவு அல்ல. பெருக்கிப் பார்த்தால் 5 லட்சம் கன மீட்டர் நீர். காட்டு மண் நிறையவே உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் முந்தைய நாள் மழையில் மண் ஏற்கெனவே ஊறிப்போயிருந்தால் அவ்வளவு உறிஞ்சாது. பாதி போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். மீதி இரண்டரை லட்சம் கன மீட்டர். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழமுள்ள ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்றில் 2,500 கன மீட்டர் பிடிக்கும். ஆக, 100 ஒலிம்பிக் குளங்கள், இருபதடி அகலமுள்ள ஓர் ஓடை வழியாக இறங்கி வரவேண்டும். ஒரு கன மீட்டர் நீரின் எடை ஒரு டன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சமவெளி ஆறாக இருந்தால் இந்த நீர் வந்துசேர நாள்கணக்காகும். மெல்ல ஏறும், கரையில் இருப்பவனுக்குப் பாயைச் சுருட்ட நேரம் கிடைக்கும். தித்திவங்சா மலைத்தொடரின் சரிவுகள் அப்படிப்பட்டவை அல்ல. செங்குத்தான சரிவு, சில இடங்களில் மெல்லிய மண், அடியில் கருங்கல் பாறை. நீர் நேராக ஓடைக்கு வருகிறது. சிறிய, செங்குத்தான மலையாற்றில் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையே ஒரு மணி நேரம்கூட இல்லாமற் போகலாம். இதோடு இன்னொன்றும் சேர்வதுண்டு. விழுந்த மரங்களும் கிளைகளும் ஓடையின் குறுக்கே சிக்கித் தற்காலிக அணைபோல் நின்றுவிடும். பின்னால் நீர் தேங்கும். பாரம் தாங்காமல் அந்த அடைப்பு உடையும்போது தேங்கியது அத்தனையும் ஒரே மூச்சில் கிளம்பும். ‘தலை’ என்று மலாய்க்காரர்கள் சொன்னது எவ்வளவு பொருத்தம் பாருங்கள். அதற்கு முன்னே ஒரு முகப்பு இருக்கிறது.

நம் நாட்டின் மழை இன்னொரு வகையில் ஏமாற்றும். பிற்பகல் இடிமழை பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமே உள்ளது. காஜாங்கில் கொட்டும்போது செமினியில் துணி காயும். இது நம் எல்லாருக்கும் தெரிந்த அனுபவம். மலையில் அதே கதைதான். முகட்டுக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும்; கீழே ஆற்றங்கரையில் சுள்ளென்று வெயில் அடிக்கும். காடு அடர்த்தி, பள்ளத்தாக்கு குறுகல்; கீழே இருப்பவனுக்குத் தெரியும் வானம் ஒரு கைக்குட்டை அளவுதான். மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் பருவக்காற்று மாறும் காலம். பிற்பகல் இடிமழை மிகுதியாக இருக்கும். நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த மாதம் ஏப்ரல். நீரியலில் ‘ஏ’ வாங்கிய நான் தேர்ந்தெடுத்த மாதம்!

‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்ற பழமொழியைத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் மனனம் செய்திருப்பார்கள். நல்ல பழமொழிதான். ஆனால் அது ஆழம் நிலையாக இருக்கும் என்று எண்ணிக்கொள்கிறது. மலையாற்றில் காலை பத்து மணிக்குப் பார்த்த ஆழம் பிற்பகல் இரண்டு மணிக்கு இருக்காது.

இவை வெறும் கணக்கல்ல. 2021 ஆகஸ்ட் 18-ஆம் நாள் கெடா, யான் வட்டாரத்தில் குனோங் ஜெராய் மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் பாறைகளையும் மரங்களையும் சுமந்துகொண்டு வந்து உயிர்களைப் பறித்தது. அடிவாரத்துக் கிராமங்களும் குளிக்கும் இடங்களும் சேற்றில் புதைந்தன. ஜெராய் 1,217 மீட்டர் உயரமுள்ள தனிமலை; கடற்கரைக்கு அருகிலேயே நிற்கிறது. அதனால் மழை பெய்யும் முகட்டுக்கும் மக்கள் வாழும் அடிவாரத்துக்கும் இடையே தூரமே இல்லை. 2023 ஜூனில் திரங்கானு, கெமாமான் பகுதியில் உள்ள ஜெராம் மாவாரில் குடும்பத்தோடு உல்லாசமாகப் போனவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். உண்மையைச் சொல்வதென்றால், அது யாருக்கோ நேர்வது என்றுதான் நினைத்தேன்.

ஜெராம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மொழிக் கழக இதழ் என்பதால் கொஞ்சம் விலகிப் போக அனுமதியுங்கள். நம் நாட்டு ஆற்றுப் பெயர்களே பாதி எச்சரிக்கையைச் சொல்லிவிடுகின்றன. ‘ஜெராம்’ என்றால் பாறைகளுக்கிடையே நீர் இரைந்து ஓடும் இடம். ‘லாத்தா’ என்றால் படிப்படியாக விழும் அருவி. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்குப் போகும் வழியில் லாத்தா இஸ்கந்தாரைப் பார்த்திருப்பீர்கள். ‘உலு’ ஆற்றின் தலைப்பகுதி. ‘குவாலா’ ஆறு இன்னோர் ஆற்றிலோ கடலிலோ கலக்கும் இடம். ‘லுபுக்’ என்றால் ஆற்றில் திடீரென்று ஆழமாகும் குழிவு. தமிழில் இதற்கு ‘மடு’ என்ற சொல் தயாராக இருக்கிறது. பேருந்தில் பிள்ளைகளுக்கு இதையே விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தோம். ‘மடு’ என்று நாங்கள் கத்தினால் இரண்டடி பின்வாங்க வேண்டும். அன்று முழுக்க அவர்கள் வாயில் அந்தச் சொல்தான். சோற்றுப் பொட்டலத்தில் குழம்புக்குள் விரல் போனாலும் “மடு! மடு!”

அந்த அம்மாவின் கேள்விகளுக்குப் பிறகு பயணத்தைக் கைவிடலாமா என்று ஒருமுறை கூடிப் பேசினோம். கைவிடவில்லை. ஆனால் ஒரு வாரம் முன்னதாக நான்கு பேர் இடத்தைப் பார்த்து வரப் போனோம். அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வயதான பாக்சிக் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். அந்தக் கரையிலேயே வளர்ந்தவர். நாங்கள் பாய் விரிக்கத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்த்துச் சிரித்தார். ஆற்றின் நடுவே மணலும் கூழாங்கல்லுமாக ஒரு சின்னத் திட்டு. நிழல் இருக்கிறது, படம் எடுத்தால் அழகாக இருக்கும். அந்தத் திட்டை அங்கே கொண்டுவந்து போட்டது யார் என்று கேட்டார். ஆறுதான். போட்டது ஆறு என்றால் எடுப்பதும் ஆறுதான் என்றார். அது மட்டுமல்ல, வெள்ளம் வந்தால் திட்டிலிருந்து கரைக்கு வர ஆற்றைக் கடந்தாக வேண்டும். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பிறகு ஒரு பாறையைக் காட்டினார். அதன் இடுப்பளவில் வெள்ளையாக ஒரு கோடு இயற்கையாகவே ஓடுகிறது. காலையில் நீர் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொள். கோட்டை நோக்கி ஒரு விரல் ஏறினாலும் பிள்ளைகளை மேலே ஏற்று. வானத்தைப் பார்க்காதே, பாறையைப் பார். என் பேராசிரியர் நீர்மட்ட அளவுகோல் என்று படம் வரைந்து காட்டியதும் இதைத்தான்!

நீர் ஏறும் முன்னரே வேறு அறிகுறிகளும் உண்டு. தெளிந்த நீர் மங்கத் தொடங்கும். காய்ந்த இலை, சுள்ளி, நுரை வழக்கத்தைவிட மிகுதியாக மிதந்து வரும். ஈர மண் வாடை வரும். இரைச்சலின் தன்மை மாறும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் ஆற்றை விட்டு விலகிக் கரையின் மேட்டுக்கு ஏறவேண்டும். ஆறு போகும் திசையில் ஓடுவது வீண், அது நம்மைவிட வேகமாக ஓடும். செருப்பு, துவாலை, கைப்பேசி எதற்காகவும் திரும்பக் கூடாது. இந்தக் கடைசி விதிதான் பிள்ளைகளுக்குக் கடினம். அதனால் செருப்பை எல்லாம் முதலிலேயே மேட்டில் கழற்றி வைத்தோம்.

முழங்கால் தண்ணீர்தானே என்பவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓடும் நீர் நம்மைத் தள்ளும் விசை அதன் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. ஆழம் கூடாமலே ஆபத்து கூடிவிடும். வேகமாக ஓடும் நீர் அரை அடி இருந்தாலே பெரியவர் ஒருவரைக் கீழே சாய்த்துவிட முடியும். நமக்கு முழங்கால் என்பது ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தொடை என்பதையும் மறக்கக் கூடாது.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்னர் அந்த அம்மாவுக்கு அழைத்து, செய்திருக்கும் ஏற்பாடுகளைச் சொன்னேன். நான்கு பிள்ளைகளுக்கு ஒருவர் என ஏழு பேர் பொறுப்பு. எட்டாமவர் ஆற்றில் இறங்கமாட்டார். பாறையைப் பார்ப்பது மட்டுமே வேலை. நீர் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் போகும் இடம் எல்லைக்கு வெளியே. பொறுப்பாளர் பிள்ளைகளுக்குக் கீழ்ப்புறம் நிற்பார், வழுக்கினால் பிடிக்க. விசில் மூன்று முறை ஊதினால் மேட்டுக்கு ஓடவேண்டும். இதைப் பள்ளித் திடலில் இரண்டு முறை பயிற்சி செய்தாயிற்று. பொறுமையாகக் கேட்டார். பிறகு, “நானும் வரேன்” என்றார். மகளுக்கும் கையொப்பம் கிடைத்தது.

அன்று அவர் கரையின் மேட்டில் ஒரு வேரின்மேல் உட்கார்ந்து பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். நாங்கள் கொடுத்த சோற்றையும் எண்ணியபடியேதான் சாப்பிட்டார். செயலவைத் தோழர்கள் சிலருக்கு அது சற்று மிகையாகத் தோன்றியது, எனக்கும்தான். ஆனால் நீரில் மூழ்கும் பிள்ளை திரைப்படத்தில் வருவதுபோல் கையை ஆட்டிக் கூச்சலிடாது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மூச்சுக்குப் போராடும் வாயால் கத்த முடியாது. ஒரு நிமிடத்துக்குள், ஓசையில்லாமல் முடிந்துவிடலாம். பக்கத்தில் இருப்பவர்கள் விளையாடுகிறது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கொண்டே இருப்பதைத் தவிர வேறு நல்ல வழியை நான் இதுவரை கேள்விப்படவில்லை.

பிற்பகல் மணி 1.40. நல்ல வெயில். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் கல் அடுக்கி அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாறைக் காவலுக்கு இருந்த தோழர், நீர் கோட்டை நோக்கி ஏறியதாகத் தெரியவில்லை, ஆனால் இலை நிறைய வருகிறது என்றார். நான் யோசித்துக்கொண்டு நின்றேன். ஐந்து நிமிடம் பார்க்கலாமே என்றுதான் எண்ணம் போனது. அதற்குள் கடையிலிருந்து பாக்சிக் வெளியே வந்து, “உலு சுடா ஹுஜான்! நாயிக்! நாயிக்!” என்று கத்தினார். மேலே மழை பிடித்துவிட்டது, ஏறுங்கள் என்று பொருள். விசிலை ஊதினோம்.

பிள்ளைகள் ஏறினார்கள். அந்த அம்மா எங்களுக்கு முன்பே எண்ணி முடித்துவிட்டார். “26. ரெண்டு பேர் இல்ல.” என் வாழ்நாளில் நான் கேட்ட மிக மோசமான எண் அது. இரண்டு பேரும் கழிவறைக்குப் போயிருந்தார்கள் என்று தெரிய ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். கழிவறைக்குப் போகிறவர் பொறுப்பாளரிடம் சொல்லவேண்டும் என்ற விதியை நாங்கள் போடவே இல்லை. இப்போது இருக்கிறது.

பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. பத்து நிமிடத்துக்கும் மேல் வெயிலில் நின்றோம். பிள்ளைகள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். “சும்மா பயமுறுத்துறாங்க அக்கா.” எனக்கே வெட்கமாக இருந்தது. ஆற்றில் இன்னும் இருந்த குடும்பம் ஒன்று எங்களை வேடிக்கை பார்த்தது. பாக்சிக் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் மனமில்லாமல் ஏறினார்கள். அதன்பின் நீர் வந்தது.

படங்களில் காட்டுவதுபோல் சுவர் போல எழும்பி வரவில்லை. முதலில் நிறம் மாறியது. பிள்ளைகள் கட்டிய அணை கண்முன்னே கரைந்தது. அடுத்து, லோரியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். ஆற்றுக்கு அடியில் பாறைகள் உருளும் சத்தம் அது. வெள்ளைக் கோடு மறைந்தது. ஒரு முழு மரக்கிளை இலைகளோடு சுழன்றுகொண்டு போனது. நாங்கள் பாய் விரிக்க நினைத்திருந்த திட்டு காணாமற்போனது. ஒரு மணி நேரத்தில் நீர் இறங்கிவிட்டது. பாக்சிக், இது சின்னது என்றார். பிள்ளைகளில் ஒருவரும் பேசவில்லை. நிறத்தைப் பற்றிக் கேட்ட அந்த மாணவன் மட்டும், “இப்போ கலர் வந்துருச்சு” என்றான்.

பேருந்தில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மீதமிருந்த அனுமதிப் பாரம் ஒன்றின் பின்பக்கத்தில் மலை, முகடு, மழை, ஓடை, புனல் எல்லாவற்றையும் வரைந்து காட்டினேன். முகட்டுக்கு அப்பால் பெய்தால் இங்கே மேகம் தெரியாது என்றேன். நெடுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ அன்னைக்கு மேல பேஞ்சிருக்கும்,” என்றார். இருக்கலாம் ஆண்டி, எனக்கு அந்த ஆறு தெரியாது, ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் இதற்குப் பொருந்துகிறது என்றேன். “நான் வேற எங்கயும் பாத்துகிட்டு இல்லம்மா. அவனத்தான் பாத்துகிட்டு இருந்தேன்.” அந்தத் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

இன்னும் சில செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளத்தாக்குகளில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத இடங்கள் உண்டு. 999-க்கு எங்கிருந்து அழைக்க முடியும் என்பதை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். காலில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளையை இறக்காதீர்கள். எலிச் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கிருமி காயத்தின் வழியே உடம்புக்குள் போகும். 2010-இல் பகாங், மாறானில் உள்ள லுபுக் யூவில் மூழ்கியவரைத் தேடி நீரில் இறங்கியவர்களில் சிலர் இந்நோயாலும் மெலியோய்டோசிஸ் என்னும் நோயாலும் பின்னர் இறந்துபோனார்கள். ஆற்றுக்குப் போய்வந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆற்றில் குளித்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும். இதைப் பெற்றோரின் புலனக் குழுவில் எழுதிப் போட்டோம். உணவுப் பொட்டலங்களைக் கரையில் விட்டுவந்தால் எலிகள் பெருகும் என்று சொன்னபோதுதான் பிள்ளைகள் குப்பையை ஒழுங்காகப் பொறுக்கினார்கள். தூய்மையைப் பற்றி அதுவரை நாங்கள் ஆற்றிய உரை எதுவும் பலிக்கவில்லை.

இவ்வாண்டும் ஆற்றுக்குப் போகிறோம். பாக்சிக்கிடம் பேசியாயிற்று. மாதத்தை மாற்றியிருக்கிறோம், காலை எட்டுக்குப் போய் நண்பகல் 12-க்குள் கரையேறிவிடுவதாகத் திட்டம். பாரத்தில் ‘உங்கள் பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?’ என்று புதிதாக ஒரு வரி சேர்த்தோம். 31 பாரங்கள் வந்துள்ளன. ‘ஆம்’ என்று நான்கு பேர் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் ஞாயிறு காலை எட்டு மணிக்கு நகராட்சி நீச்சல் குளத்தில் ஒரு வகுப்பு தொடங்கியிருக்கிறோம். பிள்ளைகள் 14 பேர், நான் பதினைந்தாவது. மிதக்க வந்துவிட்டது, கையைக் காலை ஆட்டத்தான் இன்னும் வரவில்லை. சொல்லிக்கொடுக்க இருப்பவர் ஒருவரே. முன்னாள் மாணவர்களில் நீச்சல் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் யாரேனும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஒதுக்க முடிந்தால் கழகச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். அந்த அம்மாவும் வருகிறார். நீரில் இறங்குவதில்லை, குளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எண்ணுகிறார்.